ராஜபாளையம் குட்டி வாங்கும் முன்: கேசிஐ சான்றைப் படிப்பது, வளர்ப்பாளரை எடைபோடுவது

ராஜபாளையம் நாய்க்குட்டி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "பேப்பர் இருக்கா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பேப்பர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, அதாவது கேசிஐ, தருவது வம்சாவளிச் சான்று. குட்டியின் தாய் தகப்பன் யார், எந்தத் தேதியில் பிறந்தது, யாரிடம் பிறந்தது என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. காது கேட்குமா, வளர்ப்பாளர் நேர்மையானவரா என்பதை நாம்தான் பார்த்தாக வேண்டும்.

சான்றைக் கையில் வாங்கியதும் முதலில் சிப் எண்ணை, அதாவது குட்டியின் தோலுக்கடியில் வைத்திருக்கும் மைக்ரோசிப்பின் எண்ணைப் பாருங்கள். 15 இலக்கம் இருக்கும். ஸ்கேனரைக் குட்டியின் கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் மெதுவாக ஓட்டி, திரையில் வரும் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். ராஜபாளையம் குட்டிகள் எல்லாம் ஒரே வெள்ளை. ஒரே ஈத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுத்தாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேனர் இல்லை என்று சொன்னால், பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் தருவதாகச் சொல்லுங்கள். முறையாகச் செய்கிறவர் மறுக்க மாட்டார்.

அடுத்து மூதாதையர் கட்டங்கள். மூன்று தலைமுறை என்றால் 2, 4, 8 என்று மொத்தம் 14 பெயர்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா என்று தேடுங்கள். தாய்வழித் தாத்தாவும் தந்தைவழித் தாத்தாவும் ஒரே கடுவன் என்றால், குட்டியின் பெற்றோர் ஒரு தகப்பன் பிள்ளைகள். குட்டியின் உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்த்ததன் அளவு, 12.5 சதவீதம். அண்ணன் தங்கையையே சேர்த்திருந்தால் 25. நாட்டு இனங்களில் பதிவான நாய்களே குறைவு என்பதால் இது அடிக்கடி கண்ணில் படும். எண்ணம் வைத்துச் செய்திருந்தால், எந்தக் குணத்துக்காகச் சேர்த்தார், முந்தைய ஈத்துகள் எப்படி வந்தன என்று வளர்ப்பாளர் விளக்குவார். "எல்லாம் நம்ம வீட்டு லைன்தான்" என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால் தள்ளி நிற்பது நல்லது.

கட்டங்கள் காலியாக இருக்கும் சான்றும் உண்டு. பெற்றோர் பதிவில்லாத நாயை கேசிஐ நடுவர் நேரில் பார்த்து, இனத்துக்குரிய லட்சணம் இருக்கிறது என்று ஏற்றுப் பதிவது அது. தென் மாவட்டக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேப்பரே இல்லாமல் அருமையான நாய்கள் வளர்கின்றன. அவை பதிவுக்குள் வர அந்த ஒரு வழி வேண்டும். ஆகவே காலிக் கட்டம் என்பது மோசடி அல்ல. காலிக் கட்டச் சான்றைக் காட்டி "சாம்பியன் லைன்" என்று விலை ஏற்றுவதுதான் மோசடி.

"பேப்பர் பின்னால் வரும்" என்ற பேச்சில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். பின்னால் வராமல் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, தாய் நாய், குட்டியை விற்பவர் பெயருக்கு மாற்றப்படாமல் பழைய உடைமையாளர் பெயரிலேயே இருக்கும். மற்றொன்று, கடுவனின் உடைமையாளர் சேர்க்கைப் படிவத்தில், அதாவது இரண்டு நாய்களையும் இணை சேர்த்ததை உறுதிசெய்யும் தாளில், கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். இணை சேர்த்ததற்கான கூலித் தகராறாக இருக்கலாம், பேசியபடி குட்டி தராததாக இருக்கலாம். அதனால் முன்பணம் தரும்முன் இரண்டைப் பார்க்க வேண்டும்: தாயின் சான்று இவர் பெயரில் இருக்கிறதா, சேர்க்கைப் படிவம் கையெழுத்தோடு இருக்கிறதா. சேர்க்கைத் தேதியிலிருந்து பிறந்த தேதிவரை எண்ணினால் 63 நாளை ஒட்டி வரவேண்டும். பல வாரம் முன்பின் ஆனால், தகப்பன் வேறு நாய்.

இனி காது. ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்மையான பிரச்சினை. வெள்ளை நிறத்தைத் தரும் அதே காரணத்தால், உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் அழிந்துவிடும். கூட்டத்தில் விட்டுக் கைதட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை. செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்துத் திரும்பிவிடும். ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு குட்டியைத் தனியே வேறு அறைக்குக் கொண்டுபோய், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். நிழல் விழக்கூடாது, தரை அதிரக்கூடாது, காற்றும் படக்கூடாது. காது மடல் அசைந்தாலே போதும். தூங்கும்போது தட்டுச் சத்தத்துக்கு எழாமல், தொட்டால் மட்டும் துள்ளி எழுகிற குட்டியைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். தலையில் மின்முனை பொருத்தி எடுக்கும் பேயர் பரிசோதனைதான் அதைக் காட்டும். அந்த ஒற்றைக் காது நாயை இனப்பெருக்கத்துக்கு விட்டால் செவிட்டுக் குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு கூடும். "உங்கள் ஈத்துகளில் செவிடு பிறந்ததா? அந்தக் குட்டிகள் இப்போது எங்கே?" என்று நேராகக் கேளுங்கள். பிறந்ததே இல்லை என்று உடனே சொல்பவரைவிட, பிறந்தது, யாரிடம் இருக்கிறது என்று சொல்பவரை நம்பலாம்.

தாயை நேரில் பார்க்காமல் வாங்கவே கூடாது. எட்டு வாரம் பால் கொடுத்தவள் இளைத்திருப்பாள், மடி தொங்கும், அது குறையல்ல. அந்நியரைக் கண்டு குரைப்பதும் இந்த இனத்தின் இயல்பு. வளர்ப்பாளர் ஒரு சொல் சொன்னதும் அடங்குகிறாளா, இல்லை அவரைக் கண்டே ஒடுங்குகிறாளா என்று பாருங்கள்.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. தாயின் பிறந்த தேதி சான்றிலேயே இருப்பதால் இதை அங்கேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நல்ல வளர்ப்பாளர் நம்மையும் கேள்வி கேட்பார்: காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார், கட்டிப்போட்டு வளர்ப்பீர்களா என்று. ஓடி வேட்டையாடப் பிறந்த நாய், சங்கிலியில் கிடந்தால் மூர்க்கமாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

பணம் தரும்போது ரசீதில் சிப் எண், பிறந்த தேதி, பெற்றோரின் கேசிஐ எண்கள், சான்று எந்தத் தேதிக்குள் தரப்படும் என்பதை எழுதி வாங்குங்கள். சான்று இன்னும் வரவில்லை என்றால் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் போட்ட தேதிகள், மருந்தின் ஸ்டிக்கரோடு புத்தகத்தில் இருக்க வேண்டும். சான்று வளர்ப்பாளர் பெயரில் இருந்தால், உரிமை மாற்றப் படிவத்தில் அவர் கையெழுத்தைக் குட்டியைத் தூக்கும் அன்றே வாங்கி, தாமதிக்காமல் கேசிஐக்கு அனுப்பிவிடுங்கள். பெயர் மாறாத பெட்டை நாளை உங்கள் வீட்டில் ஈன்றால், அந்தக் குட்டிகளின் பேப்பரும் அதே இடத்தில் நின்றுவிடும்.