ஒரு வழி டிக்கெட்டும் ஒரு ஜோடி பூட்ஸும்

விமான டிக்கெட் தேடுவது ஒரு கட்டத்துக்கு மேல் வியாதிதான். எனக்கு அது சுமார் பத்து வாரம் இருந்தது. காலையில் பல் தேய்க்கும் முன் ஒருமுறை, இரவில் விளக்கை அணைத்த பின் ஒருமுறை விலையைப் பார்ப்பேன். அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வேறு வைத்தேன். அந்த நோட்டை இப்போது புரட்டினால் காய்ச்சல்காரரின் வெப்ப அட்டவணை மாதிரி இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஒர்க்கிங் ஹாலிடே விசா கைக்கு வந்திருந்தது. தெரியாதவர்களுக்காக: 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் (சில நாட்டுக் கடவுச்சீட்டுக்கு 35 வரை) ஓராண்டு அங்கே தங்கி ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். 1975இல் தொடங்கிய ஏற்பாடு. 417, 462 என்று இரண்டு வகை. உங்களுக்கு எது என்பது உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தது. கையில் பணம் இருந்தால் சும்மா சுற்றிப் பார்க்கப் போயிருப்பேன். இல்லாததால்தான் இந்த விசா, இந்தத் தேடல் எல்லாம்.

முதல் மூன்று வாரம் நான் தேடியதெல்லாம் சிட்னிக்கு. ஏன் சிட்னி என்று கேட்டால் பதில் கிடையாது. படங்களில் பார்த்திருந்த ஊர் அது ஒன்றுதான். இதே விசாவில் முன்பு போய் வந்த அக்கா ஒருவரிடம் விலையைச் சொல்லிப் புலம்பினேன்.

"வேலை எங்கே பார்த்து வைத்திருக்கிறாய்?" என்றார்.

"மில்டூராவில், அக்கா. திராட்சை பறிக்க."

"அப்புறம் சிட்னியில் இறங்கி என்ன செய்யப்போகிறாய்?"

வரைபடத்தைத் திறந்தேன். சிட்னியிலிருந்து மில்டூராவுக்குச் சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். மெல்போர்னிலிருந்து சுமார் 540. அடிலெய்டிலிருந்து சுமார் 400. மூன்று வாரமாக நான் தவறான ஊருக்கு டிக்கெட் தேடியிருக்கிறேன், அதுவும் விலை கூடுகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டு.

விடுமுறைக்குப் போகிறவருக்குத் தேதியும் ஊரும் முன்பே முடிவாகியிருக்கும். அலுவலகம் கொடுத்த பத்து நாள், முன்பதிவு செய்த ஹோட்டல், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்று எல்லாப் பக்கமும் கட்டு. நம்மைப் போல வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டு கிடையாது. விசா கிடைத்ததிலிருந்து 12 மாதத்துக்குள் அந்த நாட்டில் கால் வைத்தால் போதும். ஓராண்டுக் கணக்கு கால் வைத்த நாளில்தான் தொடங்குகிறது. காசு இல்லாதவருக்கு இருக்கும் ஒரே செல்வம் இதுதான். அதை வைத்துக்கொண்டு நான் சிட்னி என்ற ஒரே ஊரையும் ஜனவரி என்ற ஒரே மாதத்தையும் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கூகுள் ஃபிளைட்ஸில் ஊர்ப் பெட்டிக்குள் ஒரே நேரத்தில் ஏழு விமான நிலையங்கள் வரை போடலாம், புறப்படும் பக்கத்திலும் சேரும் பக்கத்திலும். அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மெல்போர்ன், அடிலெய்டு, சிட்னி மூன்றையும் போட்டேன். நாள்வாரியாக விலை காட்டும் வரைபடத்தைத் திறந்தேன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை மலை போல நின்றது. கிறிஸ்துமஸ், அங்கே கோடை, பள்ளி விடுமுறை எல்லாம் சேர்ந்து வருகிற காலம். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அந்த மலை அப்படியே சரிந்து தரைக்கு வந்தது. தோட்டக்காரருக்கு மின்னஞ்சல் போட்டேன். பிப்ரவரி நடுவில் வந்தாலும் பறிக்க நிறைய இருக்கும் என்றார். ஒரு மின்னஞ்சல்! ஜனவரி விலையில் பாதிக்குச் சற்று மேல்தான் கடைசியில் கொடுத்தேன்.

இந்தத் தேடல் கருவிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினிக்காரர்கள் 1996இல் ஐ.டி.ஏ. சாஃப்ட்வேர் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். விமானக் கட்டணங்களைக் கோத்துப் பார்ப்பது அவ்வளவு சிக்கலான கணக்கு. அதற்கென்றே ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. 2011இல் கூகுள் அதை வாங்கி முடித்தது. ஸ்கைஸ்கேனர் என்ற இன்னொரு தேடல் தளத்தில் வேறொரு வசதி: போகும் இடத்தில் 'எங்கும்' என்று போட்டு முழு மாதத்தையும் தேடலாம். எந்த நாட்டு விசாவுக்கு விண்ணப்பிப்பது என்றே இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு அது நல்லது. நான் இரண்டிலும் தேடுவேன். வாங்குவது வேறு இடத்தில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் 'மறைநிலை' விஷயம். பிரவுசரில் மறைநிலையில் தேடாவிட்டால் நம்மை அடையாளம் கண்டு விலையை ஏற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் இரண்டு வாரம் திருடன் மாதிரி ஒளிந்து ஒளிந்து தேடினேன். ஒருமுறைகூட வித்தியாசம் தெரியவில்லை. விலை ஏறுவதற்கான காரணம் பெரும்பாலும் வேறு. எகானமி வகுப்பு என்பது பார்க்கத்தான் ஒரே வகுப்பு. உள்ளே அது பல அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்து ஒன்று, தனி விலை, தனி நிபந்தனை. மலிவான அடுக்கில் இருக்கும் இடங்கள் தீர்ந்தால் அடுத்த அடுக்கின் விலை திரையில் வரும்.

இதை நான் நேரில் பார்த்தேன். என்னோடு தோழி ஒருத்தியும் வருவதாக இருந்தது. இரண்டு பேர் என்று போட்டுத் தேடினால் ஆளுக்கு ஒரு விலை வந்தது. ஒருவர் என்று போட்டால் அதைவிடக் குறைவு. முதலில் கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மலிவான அடுக்கில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தால், இரண்டு பேர் கேட்கும்போது இருவரையும் சேர்த்து மேல் அடுக்குக்குத் தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான். தனித்தனியாக வாங்கினோம். குறைந்த விலை இடம் யாருக்கு என்பதில் சின்னச் சண்டை வந்தது, வித்தியாசத்தைப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டோம்.

சரி, இப்போது நான் பட்ட அடி. இது முந்தைய பயணம் ஒன்றில் நடந்தது. இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கி, நடுவில் ஓர் ஊரில் இறங்கி விமானம் மாறினால் நிறைய மிச்சம் என்று கணக்குப் போட்டேன். இடைவெளி நான்கு மணி நேரம், தாராளம் என்று நினைத்தேன். முதல் விமானம் இரண்டு மணி நாற்பது நிமிடம் தாமதம். இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டிக்குக் காத்திருந்து, மேல்மாடிக்கு ஓடினால் கவுண்டரை மூடிவிட்டார்கள். புறப்பட இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது, ஆனால் பெட்டி வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. முதல் விமானக்காரரைக் கேட்டால், "உங்கள் டிக்கெட் இந்த ஊர் வரைதானே, கொண்டுவந்து சேர்த்துவிட்டோமே" என்றார். இரண்டாவது விமானக்காரரைக் கேட்டால், நீங்கள் வரவே இல்லை என்றார். இருவர் சொன்னதும் சட்டப்படி சரி. அதுதான் அதிக எரிச்சல். மறுநாள் விமானத்துக்கு அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்கினேன். மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு போனது.

ஒரே முன்பதிவில் இரண்டு விமானமும் இருந்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே 261/2004 என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், விமான நிறுவனத்தின் தவறால் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். ஒரே முன்பதிவு என்றால் கடைசி ஊரில் சேர்ந்த நேரம்தான் கணக்கு. இரண்டு தனி டிக்கெட் என்றால் அந்தக் கணக்கே கிடையாது.

இன்னொன்று, தனி டிக்கெட்டில் பெட்டியை நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பதால், நடுவில் இருக்கும் நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். அந்த நாட்டு விசா தேவையா என்பதை முன்பே பாருங்கள். கோலாலம்பூர் மாதிரி ஊரில் முதல் விமானம் ஒரு முனையத்திலும் அடுத்தது இன்னொரு முனையத்திலும் இருக்கலாம். இடையில் ரயிலிலோ பேருந்திலோ போக வேண்டும். இதற்காகத் தனி டிக்கெட்டே வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போவதாக இருந்தால் நானே இன்னும் வாங்குவேன். நான்கு மணி நேரத்தை நம்பி வாங்க மாட்டேன்.

வாங்கும் இடத்துக்கு வருகிறேன். தேடல் பட்டியலில் உச்சியில் நிற்பது பெரும்பாலும் பெயர் கேள்விப்படாத ஏதோ ஒரு முகவர் தளம். விமான நிறுவனத்தின் விலையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பெட்டி, இருக்கை, அட்டைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறி, பணம் கட்டும் பக்கத்துக்கு வரும்போது அந்தக் கொஞ்சமும் காணாமல் போயிருக்கும். அப்படி ஒரு தளத்தில் வாங்கிய பின் விமான நேரம் மாறியது. விமான நிறுவனம் முகவரைக் கேட்கச் சொன்னது, முகவர் விமான நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார், நான் நடுவில் பந்து. அதிலிருந்து, தேடுவது எங்கே வேண்டுமானாலும், வாங்குவது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில்தான்.

கிரெடிட் கார்டில் வாங்குவதும் பழக்கமாகிவிட்டது. மலிவு விலையில் நெடுந்தூரம் பறப்பது எப்போதுமே ஆட்டம் காணும் தொழில். 1977இல் ஃப்ரெடி லேக்கர் என்ற பிரிட்டிஷ்காரர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 'ஸ்கைட்ரெயின்' என்ற மலிவு விமானச் சேவையை விட்டார். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று அன்றைக்கே டிக்கெட், சாப்பாட்டுக்குத் தனிக் காசு. 1982இல் மூடிவிட்டார்கள். நார்வே நாட்டு மலிவு விமான நிறுவனமான நார்வீஜியன் 2021இல் நெடுந்தூர விமானங்களையே கைவிட்டது. ஏர்ஏசியா எக்ஸ், ஸ்கூட் போன்றவை ஓடிக்கொண்டிருக்கின்றன, நானும் ஏறுவேன். ஆனால் நிறுவனம் மூடிவிட்டால் கார்டு மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி வைத்துக்கொண்டுதான் ஏறுவேன்.

வீட்டில் பெரிய விவாதம் திரும்பி வரும் டிக்கெட் பற்றித்தான். "போக மட்டும் எடுத்திருக்கிறாயே, வருவதற்கு?" என்று அம்மா தினமும் கேட்டார். நான் திரும்பி வரப்போவதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்பது போல. உண்மையில் எடுக்க நினைத்தாலும் முடியாது. விமான நிறுவனங்கள் சுமார் பதினொரு மாதத்துக்கு முன்னால்தான் இருக்கைகளை விற்பனைக்குத் திறக்கின்றன. நவம்பரில் உட்கார்ந்து, அடுத்த பிப்ரவரியில் போய் அதற்கடுத்த பிப்ரவரியில் திரும்ப வேண்டும் என்றால், அந்த நாள் நாட்காட்டியிலேயே வராது. ஏதோ ஒரு தேதிக்கு ரிட்டர்ன் வாங்கிப் பிறகு மாற்றலாம்தான். மாற்றும் கட்டணமும் அன்றைய விலை வித்தியாசமும் சேர்ந்தால் புது டிக்கெட்டே வாங்கிவிடலாம். சில நிறுவனங்களில் ஒரு வழி டிக்கெட் ரிட்டர்ன் விலைக்குப் பக்கத்தில் நிற்கும், ஆகவே இரண்டையும் போட்டுப் பாருங்கள். மலிவு விமானங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு வழி டிக்கெட்டோடு போனால் கவுண்டரில் கேள்வி வரும். வந்தது. செக்-இன் செய்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே "திரும்பும் டிக்கெட்?" என்றார். அவர்கள் பார்ப்பது டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பு. எந்த நாட்டுக்குப் போக எந்தக் கடவுச்சீட்டுக்கு என்ன தேவை என்று அதில் இருக்கும். விசா அனுமதிக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் அச்சிட்டு வைத்திருந்தேன். ஆரம்பச் செலவுக்குச் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலரும் அங்கிருந்து கிளம்பும் கட்டணத்துக்கான பணமும் கையில் இருக்க வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. அவர் இரண்டு தாளையும் படித்தார், யாரையோ கூப்பிட்டுக் கேட்டார், போர்டிங் பாஸைக் கொடுத்தார். போனில் காட்டியிருந்தாலும் போதும்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து சார்ஜ் தீர்ந்திருக்கும், என் ராசி அப்படி.

கடைசியாக எடை. தோட்ட வேலைக்கு இரும்பு முனை வைத்த பூட்ஸ் ஒன்று பழசாக வாங்கியிருந்தேன், ஜோடி ஏறத்தாழ இரண்டு கிலோ. கைப்பைக்கு அனுமதி 7 கிலோ. பெட்டிக்கு நான் கட்டியது 20 கிலோவுக்கு, அது ஏற்கெனவே 19.6. ஆகவே பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு போனேன். பாதுகாப்புச் சோதனையில் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி... எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னை என்ன திட்டினார்களோ.

அந்த பூட்ஸின் அடியில் பழைய மண் ஒட்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் மண் விஷயத்தில் மிகவும் கறார். வருகைப் படிவத்திலேயே மண் ஒட்டிய காலணி பற்றிக் கேள்வி இருக்கிறது. பழைய பல் துலக்கியால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துக் கழுவியிருந்தேன். அப்படியும் படிவத்தில் 'ஆம்' என்று குறித்தேன். மெல்போர்னில் அதிகாரி பூட்ஸைக் கழற்றச் சொல்லி, திருப்பிப் பார்த்து, விரலால் தடவினார். "புதிதா?" என்றார். இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

அம்மா கேட்ட அந்தத் தேதி இப்போது நாட்காட்டியில் வந்துவிட்டது. மறுபடி நோட்டை எடுத்திருக்கிறேன். நேற்று பார்த்தபோது அடிலெய்டிலிருந்து விலை குறைவாக இருந்தது, இன்று காலை மெல்போர்ன். பூட்ஸை இங்கேயே அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.