கை தூக்கியது விளக்குக்காக

ஒரு மன்றத்துக்குப் பொருளாளர் ஆவது எப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பிவையுங்கள். தேவையான தகுதி ஒன்றுதான்: இருட்டைக் கண்டால் கொஞ்சம் பயம் வேண்டும்.

பி.எட். சேர்ந்து இரண்டாவது வாரம். வருங்கால ஆசிரியர் மன்றத்தின் முதல் கூட்டம், அனைவரும் வருக என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. அனைவரும் என்றால் பதினான்கு பேர். கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் மாணவர் கூட்டம் மாதிரிதான் இருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் விஷயம் புரியும்: பதினான்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பாடம் கேட்க ஒரு ஆள்கூட இல்லை.

ஒருவர் பேச எழுந்தால் மற்ற பதின்மூன்று பேரும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. குரல் ஏற்ற இறக்கத்துக்கும், பார்வை எல்லாப் பக்கமும் போகிறதா என்பதற்கும் மனசுக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுத்தால் தலைவி அக்கா ஒன்றும் சொல்லாமல் அவர்கள் பக்கத்தில் போய் நிற்பார். அப்படி நின்றாலே சத்தம் அடங்கும் என்று அந்த வாரம்தான் எங்களுக்குப் பாடம் நடந்திருந்தது. அதனால் அந்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்து, "ஓ, அந்த டெக்னிக்கா அக்கா? நல்லா பண்றீங்க" என்று பாராட்டிவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தார்கள். வித்தை தெரிந்தவர்கள் முன்னால் முயலை எடுத்து என்ன பயன்?

கூட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று மன்ற ஆலோசகர் சார் ஒரு கதை சொன்னார். ஹென்றி ராபர்ட் என்று அமெரிக்க ராணுவத்தில் ஒரு பொறியாளர். 1863-இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி இவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். கூட்டம் கைமீறிப் போய் மனுஷன் அவமானப்பட்டுவிட்டார். இனி விதி தெரியாமல் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று படிக்கத் தொடங்கியவர், 1876-இல் கூட்ட நடைமுறைக்கு ஒரு விதிநூலையே வெளியிட்டார். முன்மொழிவது, வழிமொழிவது, திருத்தம் கொண்டுவருவது எல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. பதின்மூன்று வருஷம் மனசில் வைத்திருந்து பழி தீர்த்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். சார் அந்தக் கோணத்தில் சொல்லவில்லை.

தலைவி, செயலாளர் பதவிகள் விதிப்படி முடிந்தன. பொருளாளர் என்றதும் கூடம் கப்சிப். தலைவி அக்கா சிரித்தபடி, "யார் வரீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

இந்தக் காத்திருப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை. தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள், இல்லையென்றால் அடுத்த ஆளிடம் தாவிவிடுகிறார்கள். அதையே மூன்று விநாடிக்கு நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாயே திறக்காத பிள்ளைகூட வாய் திறக்கிறது. அருமையான கண்டுபிடிப்பு. ஒரே சிக்கல், அதை நாங்களும் படித்திருந்தோம். மூன்று விநாடி தாக்குப்பிடித்தால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்று ஆனது. பத்து ஆனது. அக்காவும் விடுவதாக இல்லை. யாரும் இமைகூட ஆட்டவில்லை, ஆட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். மின்சாரம் மிச்சம் பிடிக்க அந்தக் கூடத்தில் சென்சார் விளக்கு போட்டிருந்தார்கள். அசைவு இருந்தால் எரியும், இல்லாவிட்டால் அணையும். அந்த சென்சார் ஒரு அவசரக்காரப் பிறவி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பட்டென்று இருட்டு.

எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். விளக்கு வந்தது. என் கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

"இரண்டு கையையும் தூக்கியிருக்கார்! அவ்வளவு ஆர்வம்" என்றார் தலைவி அக்கா. "முன்மொழிகிறேன்" என்று ஒரு குரல். "வழிமொழிகிறேன்" என்று பன்னிரண்டு குரல். ராபர்ட் இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

பொறுப்பு ஏற்றபோது ஒரு தகர டப்பா கொடுத்தார்கள். உள்ளே ஊக்குகள், பாதி காய்ந்த ஒரு மார்க்கர், முந்தைய பொருளாளர் எழுதிய 'மன்னிக்கவும்' என்ற சீட்டு. எதற்கு மன்னிப்பு என்று இன்றுவரை தெரியாது. பணம் இல்லாததை வைத்து ஊகித்துக்கொண்டேன்.

முதல் பெரிய வேலை அக்டோபர் 5, உலக ஆசிரியர் தினம். 1966-இல் அதே தேதியில்தான் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரையை நிறைவேற்றின. 1994 முதல் அந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இதையெல்லாம் சுருக்கமாக எழுதி ஒரு போஸ்டர் செய்து, காய வைப்பதற்காக மன்ற அறையில் இரவு விட்டுவிட்டுப் போனேன். அதுதான் நான் செய்த தவறு. வருங்கால ஆசிரியர்கள் நடமாடும் இடத்தில் எழுதிய தாளையும் சிவப்புப் பேனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

காலையில் வந்து பார்த்தால் 'வாழ்த்துக்கள்' என்பதில் 'க்' அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே வேறொரு கையெழுத்தில் 'க்' திரும்ப வந்திருந்தது. அதற்கும் பக்கத்தில் இலக்கணக் காரணம், அந்தக் காரணத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு அடிக்கோடு. ஓரத்தில் ஒருவர் 'கையெழுத்தில் கவனம் தேவை' என்று எழுதியிருந்தார். கீழே வட்டம் போட்டு 6/10. கடைசியில் 'வாழ்த்துகிறோம்' என்று மாற்றி எழுதிச் சமாதானம் பேசினேன். கணக்குப் புத்தகத்தில் என் முதல் பதிவு: சிவப்புப் பேனா இரண்டு, தீர்ந்துபோனதால்.

பிறகு மைக்ரோ டீச்சிங் வந்தது. 1963-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் கூட்டாளிகளும் தொடங்கிய முறை. சில நிமிடப் பாடம், நாலைந்து மாணவர், ஒரே ஒரு திறன். முடிந்ததும் குறை சொல்வார்கள், திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். மாணவர்களாக உட்காருவது நம் தோழர்களே. மன்றத்தின் சார்பில் மாலையில் ஒத்திகை வைத்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நடியுங்கள் என்றால் போதும், இருபத்திரண்டு வயசு ஆள் ஒருவன் பென்சிலைத் தொலைத்துவிட்டு நிஜமாகவே முகம் சுளிப்பான்.

என் பாடம் ஒளி. மனசில் ஒரு மாஸ்டர் பிளான். "ஒளி இல்லை என்றால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு அசையாமல் நிற்பேன், பிள்ளைகளும் அசைய மாட்டார்கள், விளக்கு தானாக அணையும், மேற்பார்வை மேடம் மயங்கிப் போவார். ஐந்து பேரிடமும் முதல் நாளே கெஞ்சி வைத்திருந்தேன்.

கேட்டேன். நின்றேன். சிலை மாதிரி நின்றேன். நாலு பேர் வாக்குத் தவறவில்லை. ஐந்தாமவன் பாத்திரத்தில் ஊறிப்போய், "சார், இவன் கிள்றான் சார்" என்று துள்ளினான். மறுபடி மௌனம் காத்தேன். அடங்கியது. விளக்கு போகப்போகிற நேரம் பார்த்து, "சார், பாத்ரூம்."

மேடத்தின் குறிப்பு இப்படி இருந்தது: 'கேள்விக்குப் பின் காத்திருந்த நேரம் மிக அதிகம். ஆசிரியருக்குப் பதில் தெரியாதோ என்ற ஐயம் எழுகிறது. மறுபடி நடத்தவும்.'

நடத்தினேன். இந்த முறை சுவிட்சைத் தேடினேன். சென்சார் விளக்குக்கு சுவிட்ச் கிடையாது.

வருஷக் கடைசியில் பொறுப்பு ஒப்படைக்கும் கூட்டம். புதுப் பிள்ளைகள் முதல் வரிசையில். நான் மடியில் தகர டப்பாவுடன். அதற்குள் ஒரு புதுச் சீட்டும் போட்டிருந்தேன், அதே வாசகம்தான். "பொருளாளர் பொறுப்புக்கு யார் வரீங்க?" என்றார் தலைவி அக்கா. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

இருட்டு வந்தது. ஒருவரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முன்வரிசையில் ஒரு செல்போன் டார்ச் எரிந்தது.

"தம்பி," என்றேன், "உன் பேர் என்ன?"