பெஸ்ஸா, பெஸ்காதோவா?

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பாம்பனில் முதல் படகுகள் கரை திரும்பிய காலை. கூடையில் ஒரு நகரை மீன் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"மாமா, இது பெஸ்ஸா, பெஸ்காதோவா?"

டெக்சாஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகள். ஹைஸ்கூலில் ஸ்பானிஷ் மூன்றாவது வருடம். தண்ணீரில் உயிரோடு நீந்தினால் பெஸ், பிடித்துச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் பெஸ்காதோ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பரீட்சையில் அதை மாற்றி எழுதி இவளுக்கு மார்க் போயிருக்கிறது.

சரி, துடிப்பது எந்தக் கணக்கு?

"கூடைக்கு வந்துருச்சுல்ல தாயி, இனி அது பாடு" என்றார் மீன்காரம்மா.

பாடு! வலையில் பிடிபட்டு வந்த மீனுக்குக் கடற்கரைப் பேச்சில் அதுதான் பேர். தினமும் 'இன்னைக்குப் பாடு எப்படி' என்று கேட்கிறவன்தான் நான், ஒருநாளும் யோசித்ததில்லை.

அவள் போனில் அதைக் குறித்துக்கொண்டு நிமிர்வதற்குள் நகரை அடங்கிவிட்டது.