தவக்காலக் குறிப்புகள், கிருஷ்ணகிரி

2025 மார்ச் 5, புதன்

நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டேன். எல்லாரும் ஒருசந்தி இருக்கிற நாளில் எனக்கு மட்டும் சர்க்கரை மாத்திரைக்கு முன்னால் சாப்பாடு. நோயாளிகளுக்கு அந்தக் கடன் இல்லை என்று ஃபாதர் பூசையிலேயே சொன்னார். இருந்தும் தொண்டையில் இறங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வெறும் வயிற்றில் சர்க்கரை 186.

மார்ச் 10, திங்கள்

178. கோட்டை மலை அடிவாரம் வரை நடந்தேன்.

அளவு இறங்கிய அன்று செபமாலை கையில் தானாக ஓடுகிறது. ஏறிய அன்று முழந்தாளிடவே கூச்சமாக இருக்கிறது. ஆண்டவரே, மெஷினில் தெரிகிற எண்ணைப் பார்த்தா நீர் என்னைப் பார்க்கிறீர்? இல்லை என்று எனக்குத் தெரியும். நாம் பாவிகளாய் இருந்தபோதே நமக்காக உயிரைக் கொடுத்தார் என்று உரோமையர் 5-ஆம் அதிகாரத்தில் எத்தனை முறை படித்திருக்கிறேன். விடியற்காலையில் விரலில் ஊசி குத்தும்போது மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8-க்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பாராம் டாக்டர்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை. மூன்றாம் நிலையில் சிலுவையோடு இயேசு விழுகிறார், ஏழாம் நிலையில் விழுகிறார், ஒன்பதாம் நிலையில் மறுபடியும். பதினான்கில் மூன்று நிலைகள் விழுந்ததற்கே. எழுந்ததற்கென்று தனியாக எதுவும் இல்லை. அடுத்த நிலைக்கு நடந்து போனதை வைத்து நாமே தெரிந்துகொள்கிறோம். இத்தனை வருடம் பாடிக்கொண்டே வந்திருக்கிறேன், இன்றுதான் கவனித்தேன்.

மார்ச் 17, திங்கள்

தூக்கமே இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைய நற்செய்தி, மூன்று வருடம் காய்க்காததால் உரிமையாளர் வெட்டச் சொன்ன அத்திமரம். தோப்பிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "மூணு வருசம் காய்க்கலன்னா நானும்தான் வெட்டியிருப்பேன்." தத்துப்பூச்சியால் செந்தூரா மாமரங்களில் பாதிப் பூ கருகிப்போன கோபம் அவருக்கு. எனக்கோ எருவின் மேல்தான் நினைவு. காய்க்காத மரத்தைத்தானே அந்தத் தோட்டக்காரர் சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார்! காய்த்த பிறகு அல்ல.

ராத்திரி நியூஸில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆஸ்பத்திரி பால்கனியில் கை காட்டினார். பிப்ரவரி 14-இல் சேர்ந்தவர், இன்று வீடு திரும்பிவிட்டார். அழுதேன்.

மார்ச் 24, திங்கள்

201. ஏன்?

கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று இந்த ஊரே சொல்லும். நூறு கிராம் மாவில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான் என்கிறார் டயட்டீஷியன். களியைப் பாதியாக்கி, கீரைக் கடைசலை இரண்டு பங்காக்கச் சொன்னார். பாதிக் களி தட்டில் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

அக்கா போனில், "சாமிக்கு உன் சக்கரை அளவு எதுக்குப் பாப்பா? உனக்குத்தான் வேணும், நீ பாரு" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

இன்றைய நற்செய்தி ஊதாரி மகன். சொத்தை அழித்துத் திரும்பிய இளையவனுக்கு அப்பா விருந்து வைக்கிறார், பெரியவன் கோபித்து உள்ளே வர மறுக்கிறான். ஃபாதர் இளையவனைப் பற்றியே பேசி முடித்துவிட்டார். எனக்குப் பெரியவனை விட மனசில்லை. இத்தனை வருடம் அடிமைபோல வேலை செய்தேனே என்கிறான். வயலில் அவன் பாடுபட்டதில் என்ன குறை? யாராவது உழுதுதானே ஆகவேண்டும். அதைக் கூலிக் கணக்காக அப்பாவிடம் நீட்டியதுதான் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவனைத் தேடியும் அப்பா வெளியே வருகிறார், கெஞ்சுகிறார். என்னுடையதெல்லாம் உன்னுடையதே என்கிறார்.

ஆக, நடக்கிற நடையை விடமாட்டேன். நடந்த நாளுக்கெல்லாம் நோட்டில் டிக் போடுவதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தவக்காலத் தியானத்தில் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைப் பற்றிச் சொன்னார்கள். வருகிற மே 17-ஓடு அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்து 100 வருடம். 24 வயதில் காசநோயில் போனவர். புனிதம் என்கிற படிக்கட்டு தனக்கு ரொம்பச் செங்குத்து, இயேசுவின் கைகளே தனக்கு லிஃப்ட் என்று எழுதியிருக்கிறார். கேட்டதும் மனசு லேசானது. அப்புறம் ஒரு சந்தேகம்: தூக்கிக்கொள்ளப் போகிறார் என்றால் நான் எதற்குக் காலை 5 மணிக்கு எழுந்து நடக்கிறேன்?

அதற்கும் அவரிடமே பதில் இருக்கிறது. மனம் தளர்ந்த ஒரு இளம் சகோதரியிடம் சொன்னாராம்: நடக்கத் தெரியாத குழந்தை முதல் படியில் ஏறக் காலைத் தூக்குகிறது, முடியவில்லை, மறுபடி தூக்குகிறது. மேலே நின்று பார்க்கிற கடவுள் தாமே இறங்கி வந்து தூக்கிக்கொள்வார். அதுவரை நீ காலை மட்டும் தூக்கிக்கொண்டே இரு.

ஏறிக் காட்டச் சொல்லவில்லை. காலைத் தூக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். அவர் இறங்கி வருவது என் கால் எட்டிய உயரத்தைப் பொறுத்ததே இல்லை. இது போதும் எனக்கு.

ஏப்ரல் 3, வியாழன்

169. முழந்தாளிட்டேன். 201 அன்றும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

பயமாக இருக்கிறது. மேலே எழுதியதெல்லாம் இன்று துணைக்கு வரவில்லை.

ஏப்ரல் 5, சனி

மூன்று மாதச் சராசரிக்கு லேபில் ரத்தம் கொடுத்தாயிற்று. இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதால் சாப்பிட்டுவிட்டே போனேன். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருப்பதால், நாலு நாள் வாயைக் கட்டி இதை ஏமாற்ற முடியாது. ரிசல்ட் மாலை 5 மணிக்கு மேல். அவர் தோப்பிலிருந்து நேராக லேபுக்குப் போய் வாங்கி வருகிறேன் என்றார். நான் நடக்கக் கிளம்புகிறேன்.