மைனஸ் ரெண்டு விவசாயி

யாரையும் அடையாளம் காட்டாமல் நாங்கள் தயாரித்த விவசாயிகள் அட்டவணையை, கேட்டவர்கள் ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்து இந்த வேலையில் இறங்குபவர்களுக்காவது உதவட்டும்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தரவு வேலை பார்க்கிறேன். உறுப்பினர்களின் நெல் ரகம், பரப்பு, மகசூல், கடன் எல்லாவற்றையும் ஆள்வாரியாக ஓர் ஆய்வு அலுவலகம் கேட்டது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, அப்படியே தர முடியாது என்றோம். "பேரையும் ஆதாரையும் எடுத்துட்டு அனுப்புங்க மேடம், அது போதும்" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

போதாது. பெயர் நீக்கிய தாளை எங்கள் கணக்கரிடம் நீட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். "ஒரு வேலி, கருப்பு கவுனி, போர்செட்டு... ஏம்மா, இது வடக்குத் தெரு பெரியவருல்ல? அட, இவ்வளவு கடனா வச்சிருக்காரு!" அடுத்த வரிக்கும் ஆள் சொல்லத் தொடங்கியதும் தாளை வாங்கிக்கொண்டேன். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் கிடைத்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காணலாம் என்று கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி கணித்தார். நம்மூரில் அதுகூட வேண்டாம், ரகமும் பரப்பும் போதும்.

முதலில் ஏ.ஆர்.எக்ஸ். தரவில் ஆள் அடையாளத்தை மறைக்கும் இலவச மென்பொருள், நிரல் எழுதத் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். கே மதிப்பை 5 என வைத்தேன். அதாவது எந்த வரியை எடுத்தாலும் அதே சாயலில் குறைந்தது ஐந்து வரி இருக்க வேண்டும். வயது பத்தாண்டு வரம்பானது, ஊர் பிர்காவானது, எதிலும் சேராத வரிகள் நீங்கின. நீங்கியவர்கள் யாரென்று பார்த்தால் பாரம்பரிய ரகம் போட்டவர்கள். ஆய்வே அவர்களைப் பற்றித்தான்! போதாக்குறைக்கு, ஒரு கும்பலில் ஐந்து பேருக்குமே கடன் நிலுவை. யார் எந்த வரி என்று தெரியாவிட்டால் என்ன, நிலுவை தெரிந்துவிட்டதே.

ஆள்வாரி விவரத்தையே கைவிட்டு, ஊர்வாரி எண்ணிக்கையும் பரப்பும் மட்டும் என்று பேசி முடித்து, டிஃபரன்ஷியல் பிரைவசிக்கு மாறினோம். 2006-லேயே வந்த முறை. எண்ணில் அளந்து இரைச்சல் கலப்பார்கள், அதாவது தற்செயலாக ஒரு சிறு எண்ணைக் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். எவ்வளவு கலப்பது என்பதை எப்சிலான் என்ற அளவு தீர்மானிக்கும். எப்சிலான் குறையக் குறையக் காப்பு கூடும், துல்லியம் குறையும். இதற்கான நிரல் தொகுப்புகளான ஓபன்டிபி, டிஃப்பிரிவ்லிப் இரண்டையும் தகராறில்லாமல் நிறுவ முடிந்தது.

மண்டை காய்ந்தது வேறு இடத்தில். ஒரு வரி யாருடையது? ஒரே வீட்டுக்குக் குறுவைக்கு ஒரு வரி, தாளடிக்கு ஒன்று, மகன் பெயரில் உள்ள பட்டாவுக்கு இன்னொன்று. குத்தகை நிலமென்றால் ஒரே வரியில் சாகுபடி செய்பவரும் நிலச் சொந்தக்காரரும் இருப்பார்கள். வரிக்கு ஓர் ஆள் என்று கருவி நம்பிக்கொண்டிருக்கும், நாம்தான் திருத்த வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் மூன்று வரி என்று வெட்டி, இரைச்சலையும் மூன்று மடங்காக்கினோம்.

பரப்பு தனித் தலைவலி. பாதிப் பேர் மாவில் சொல்லியிருந்தார்கள், மீதிப் பேர் ஏக்கரில். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று மாற்றி முடித்த பிறகுதான் மேல்வரம்பைப் பற்றியே யோசிக்க முடிந்தது. ஒருவரின் நிலம் அதிகபட்சம் எவ்வளவு என்ற அந்த வரம்பை வைத்துத்தான் பரப்புக்கான இரைச்சல் அமையும். வரம்பு கொடுக்காவிட்டால் டிஃப்பிரிவ்லிப் அதைத் தரவிலிருந்தே எடுத்துக்கொண்டு, கூடுதலாகத் தனியுரிமை கசியும் என்று ஓர் எச்சரிக்கையைப் போட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு ஓடும். அந்த எச்சரிக்கையைக் கண்டால் நிறுத்துங்கள். ஊரிலேயே பெரிய நிலம் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஒரு வேலியை வரம்பாக்கினோம், அதற்குமேல் வைத்திருப்பவரும் ஒரு வேலிக்காரராகவே கணக்கில் வருவார். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் சீட் 42 என்று, இரைச்சலுக்கான தொடக்க எண்ணை எழுதியே வைத்திருப்பார்கள். அதை நீக்காமல் விட்டால் அதே இரைச்சலை யாரும் உண்டாக்கிக் கழித்துவிடலாம்.

அனுப்பினோம். எழுத்தரிடமிருந்து போன் வந்தது. "மேடம், இந்த ஊர்ல மைனஸ் ரெண்டு விவசாயின்னு போட்டிருக்கீங்க."

இரைச்சலால் வருவது, சிறிய ஊர்களில் அப்படித்தான் ஆகும் என்றேன். "மொத்தமும் டேலி ஆகலையே. சரியா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டி அனுப்புங்க."

இதைத்தான் செய்யக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மொத்த எப்சிலான் கூடிக்கொண்டே போகும், காப்பு குறையும். பல ஓட்டங்களின் சராசரி எடுத்தால் இரைச்சல் கரைந்து உண்மை எண் வெளியே வந்துவிடும். போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'தரவுப் பிழை' என்று மெயிலில் திருப்பி அனுப்பிவிட்டார்.

வழி இருந்தது. வெளியான எண்ணின் மீது அதற்குப் பின் செய்யும் திருத்தத்தால் காப்பு குறையாது. மைனஸைப் பூஜ்யமாக்கினோம். மொத்தத்தைத் தனியாக ஓட்டாமல் ஊர் எண்களையே கூட்டிப் போட்டோம், டேலி ஆனது. பூஜ்யமாக்கியதால் மொத்தம் கொஞ்சம் கூடுதலாகச் சாயும், அதைத் தலைப்பிலேயே எழுதினோம். கூடவே ஒரு குறிப்பு: எண்ணிக்கைக்கு எப்சிலான் 1, ஓர் ஊரின் எண் 95 சதவீத வாய்ப்பில் 9-க்குள்தான் விலகும், பத்துக்குக் கீழுள்ள எண்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எழுத்தரின் மேலதிகாரி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

கடன் விவரத்தை எதற்குக் கேட்டீர்கள் என்று கடைசியில் எழுத்தரிடம் விசாரித்தேன். "பழைய படிவத்துல இருந்துச்சு மேடம்." நீங்கள் இதை முதல் நாளே கேளுங்கள்.

இப்போது இன்னோர் அலுவலகம் அதே ஊர்களுக்கு அதே எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறது. அனுப்பிய அட்டவணையையே நகலெடுத்துக் கொடுக்கப் போகிறோம், புதிதாக ஓட்டுவதாக இல்லை.