ஆளை விட்டது, வீட்டை விடவில்லை

"டிஸ்சார்ஜ் ஆர்டர் வந்துவிட்டது. இனி அந்த கார்டு கம்பெனி உங்களிடம் ஒரு டாலர்கூடக் கேட்க முடியாது." திவால் வழக்கில் கடனிலிருந்து விடுவிக்கும் ஆர்டர்தான் டிஸ்சார்ஜ். 2019இல் எங்கள் வக்கீல் ஆபீஸின் கட்சிக்காரர் ஒருவரிடம் போனில் நான் சொன்னது இவ்வளவுதான். சட்டப்படி அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் நான் சொன்னது 'உங்களிடம்'. அவர் காதில் விழுந்தது 'உங்கள் வீட்டிடமும்'.

கலிஃபோர்னியாவில் கேஸ் ஜெயித்த கடன் கொடுத்தவர், தீர்ப்பின் சுருக்கத்தைக் கவுண்டி ரெக்கார்டரிடம் பதிந்துவிட்டால், அந்தக் கவுண்டியில் கடனாளிக்கு இருக்கும் வீட்டின் மேல் லீன், அதாவது அந்தக் கடனுக்கான பிடிமான உரிமை, உட்கார்ந்துவிடும். திவால் சட்டத்தின் சாப்டர் 7 டிஸ்சார்ஜ் ஆளை விடுவிக்கும். லீன் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைக் கிளப்ப அதே சட்டத்தின் 522(எஃப்) பிரிவில் தனியாக மோஷன் (கோர்ட்டுக்கு ஒரு விண்ணப்பம்) போட வேண்டும். நாங்கள் போடவில்லை. அந்தக் கடனை அவர் சாதாரண கார்டு பாக்கி என்றுதான் எழுதித் தந்தார். பிணையில்லாக் கடன்களுக்கான ஷெட்யூல் ஈ/எஃப்-இல் ஏற்றினோம். லீன் மோஷனுக்குத் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்திலும் இருந்தது. ரெக்கார்டர் பதிவில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குக் கட்டணமும் கிடையாது, ஒப்பந்தமும் குறுக்கே நிற்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து வீட்டுக் கடனை மாற்றி வாங்க அவர் ரீஃபைனான்ஸுக்குப் போனபோது, வீட்டின் உரிமை விவரம் சொல்லும் டைட்டில் ரிப்போர்ட்டில் லீன் தலைகாட்டியது. மூடிய கேஸைத் திறக்கத் திவால் சட்டத்தின் 350(பி)-யில் வழி உண்டு, காலக்கெடு இல்லை. அதனால் அவரிடம், "பயப்படாதீங்க, இப்பவும் எடுக்கலாம்" என்றேன். அதுவும் சரியான வாக்கியம்தான்.

கணக்கு எல்லாம் மனு போட்ட நாளை வைத்துத்தான். எடுக்க வேண்டிய லீன், மற்ற லீன்கள், வீட்டு விலக்கு (வீட்டின் மதிப்பில் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாத பங்கு) மூன்றையும் கூட்டி, வீட்டின் மதிப்பு அதைவிட எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லீன் நீங்கும். 2019இல் நாங்கள் காட்டிய மதிப்பு 5,20,000 டாலர். அடமானம் 4,30,000, குடும்பத்துக்கான விலக்கு 1,00,000, லீன் 38,000, கூட்டினால் 5,68,000. வித்தியாசம் 48,000, லீனைவிட அதிகம், ஆகவே முழுவதும் போய்விடும். ஆனால் கேஸைத் திறந்து மோஷன் போட்டபோது எதிர்த்தரப்பு 2019 தேதிக்கே பின்னோக்கி அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு) எடுத்து 5,50,000 என்றது. அப்போது வித்தியாசம் 18,000தான். மீதி 20,000 வீட்டின் மேலேயே நிற்கும். நாங்கள் போட்ட 5,20,000 இணையத்தில் பார்த்து எழுதிய எண். அன்றே மோஷன் போட்டிருந்தால் யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது.

"இப்போ விலக்கு மூணு லட்சத்துக்கு மேலயாமே சார்?" என்று கேட்டார். ஆமாம், 2021 ஜனவரியிலேயே குறைந்தபட்சம் 3,00,000 ஆகிவிட்டது. ஆனால் மனு போட்ட நாளின் சட்டம்தான் செல்லும், அவருக்கு 1,00,000தான். இதைச் சொல்லும்போது எனக்கே ஏதோ அநியாயமாகப் பட்டது.

மோஷனில் இன்னொரு இடத்திலும் வழுக்கும். கடன் கொடுத்தது டெபாசிட் காப்பீடு பெற்ற வங்கியாக இருந்தால், திவால் வழக்கு விதி 7004(எச்)-படி மோஷனை அதன் அதிகாரி ஒருவர் பெயருக்கோ பதவிக்கோ சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்ப வேண்டும். பில் கட்டும் பி.ஓ. பாக்ஸுக்கு அனுப்பினால் ஆர்டர் நிற்காது. ஆர்டர் கிடைத்த பிறகும் அதன் சான்றளித்த நகலை ரெக்கார்டரிடம் பதியாவிட்டால் டைட்டில் கம்பெனிக்கு அப்படி ஒரு ஆர்டர் இருப்பதே தெரியாது. கையெழுத்துப் போட்டு வாங்கிய அடமானம், வரி லீன், ஜீவனாம்ச லீன் இவை எதையும் 522(எஃப்)-இல் தொட முடியாது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆகவே தெரியாமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

இப்போது ஒவ்வொரு மனுவுக்கும் முன்னால் ரெக்கார்டர் தேடலை ஓட்டுகிறோம். பெரும்பாலும் ஒன்றும் அகப்படுவதில்லை. கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் வேறு ஆபீஸுக்குப் போனார்கள். அங்கே தேடுவார்களா என்று நான் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு அப்ரைசலைக் கோர்ட் ஏற்றது. 18,000 நீங்கியது. மீதியை ரீஃபைனான்ஸ் பணத்திலிருந்து எஸ்க்ரோவில் (இடையில் நின்று பணத்தைப் பட்டுவாடா செய்யும் இடம்) பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட அன்று அவர் கூப்பிட்டு, "அன்னைக்கு நீங்க சொன்னதை நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா சார்?" என்றார். இல்லை என்றேன். பிறகு ஆர்டர் நகலை எங்கே பதிய வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன்.