கரண்டு போகாத மழை

ஜப்பானில் பர்ஸைத் தொலைத்தாலும் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியவர்கள், குடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. டோக்கியோ, ஓஜிமா, ஜூன் மாத மழை. கடை வாசலில் வைத்த என் பிளாஸ்டிக் குடையைக் காணோம். எல்லாக் குடையும் ஒரே மாதிரி. அடையாளம் சொல்லித் தேடக்கூட வழியில்லை.

நனைந்தபடி, காசு போட்டுத் துணி துவைக்கும் காயின் லாண்டரிக்குள் ஒதுங்கினேன். சுவரில் ஒரு காலண்டர்: இரவு மழை, இரும்புப் பாலம், விளக்கில் மின்னும் ஈரத்தரை, ரிக்‌ஷா இழுத்துப் போகும் ஒருவர். ரிக்‌ஷா! நம்மூர்ச் சொல் என்றல்லவா நினைத்திருந்தேன். 'ஜின்ரிகிஷா'வாம், மனிதன் இழுக்கும் வண்டி. திருவல்லிக்கேணி தாத்தா, 1973-ல் கை ரிக்‌ஷா ஒழிந்த கதையைச் சொல்லும்போது இதைச் சொல்லவேயில்லை.

கவாசே ஹசுயி 1926-ல் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சான படம். ஷின் ஓஹாஷி பாலம். எங்கள் ஸ்டேஷனிலிருந்து நாலாவது, மொரிஷிதாவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். இப்போது இருப்பது 1977-ல் கட்டிய வேறு பாலம்.

ஆபீஸில் ஒருவர், "அது தனிமையின் படம்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு மழையிலும் கரண்டு போகவில்லையே! எங்கள் வீட்டில் நாலு தூறல் விழுந்தாலே இருட்டுதான். மெழுகுவர்த்தியை யார் எங்கே வைத்தது என்று ஒரு சண்டை. அது முடிவதற்குள் தெருவே வாசலுக்கு வந்திருக்கும்.

பிறகுதான் படித்தேன். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தை அடுத்து வந்த தீயில் பல பாலங்கள் எரிந்தபோது இந்தப் பாலம் தப்பியது. ஏறி நின்ற ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். ஹசுயியின் வீடும் ஓவியப் புத்தகங்களும் அந்தத் தீயில்தான் போயின. மூன்றே வருடத்தில் அதே பாலத்தில் விளக்கு போட்டிருக்கிறார் மனிதர். தனிமையாமே!

இப்போது எனக்கு எல்லாம் பழகிவிட்டது. குடைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறேன், ஒருவரும் தொடுவதில்லை. ஜன்னலை மூடினால் மழைச் சத்தம் துளியும் கேட்காது, நன்றாகத் தூங்கலாம். தூங்குவதில்லை, திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அம்மா போனில், "அங்க மழையா? கரண்டு இருக்கா?"

"இருக்கும்மா."

"இங்க போயிடுச்சுடா. எல்லாரும் வாசல்லதான் உக்காந்திருக்கோம்."